சுளுக்கிய காலை எத்தனை நாள் ஊன்றாமல் இருப்பது?

கேள்வி: பத்து நாளுக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று சொல்லி, கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். வலி குறைந்துவிட்டாலும் சாயங்காலமானால் வீங்குகிறது. காலை ஊன்றவே கூடாது என்கிறார் அம்மா. எண்ணெய் போட்டு உருவினால் சுளுக்கு எடுபட்டுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போன வருடமும் இதே கால்தான் மடங்கியது. என்ன செய்யலாம்? (34 வயது வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஊன்றுங்கள். உருவ வேண்டாம்.

வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் கணுக்கால் எலும்பைப் பாதத்தோடு பிணைத்து வைப்பவை மூன்று லிகமென்ட்கள், அதாவது எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நார்கள். பாதம் உள்பக்கம் மடங்கும்போது அவற்றில் முன்பக்கம் இருப்பதுதான் முதலில் இழுபட்டுக் கிழியும். வேகம் அதிகமானால் குதிகால் எலும்புக்குப் போகும் அடுத்ததும் சேர்ந்து கிழியும். ஆக, உங்களுக்கு நடந்திருப்பது நார்க்கிழிசல். எதுவும் இடம் மாறிப் போய்விடவில்லை, உருவி எடுப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடத்தான் செய்யும். ஒரே நாளில் குணமானதாகச் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் லேசான சுளுக்காகத்தான் இருந்திருக்கும். அது தானாகவே ஆறக்கூடியது.

அம்மாவின் பயம் புரிகிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற சூத்திரத்தை அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் எழுதினார். பல காலம் எல்லோரும் சொன்னது அதைத்தான். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு அவரே சொன்னார். முதல் இரண்டு மூன்று நாள் வலிக்காகத் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைப்பதில் தவறில்லை. அதன் பிறகு கால் வேலை செய்தாக வேண்டும். அளவான பாரம் விழுந்தால்தான் புது நார்கள் சரியான திசையில் வலுவாக வளரும்.

சாயங்கால வீக்கம் சில வாரம் இருக்கும், பயப்படாதீர்கள். படுக்கும்போது தலையணை மேல் காலை வையுங்கள். பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது, போன வருடமும் இதே கால்தான் மடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பது. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இந்த லிகமென்ட்களில் இருக்கின்றன. கிழிசலில் அவையும் அடிபடும். வலி போனாலும் இந்தத் தகவல் சரியாகப் போவதில்லை. மேடு பள்ளத்தில் கால் மடங்கத் தொடங்கும்போது தசைகள் தாமதமாகத்தான் இறுகுகின்றன. அதற்குள் கால் மடங்கிவிடும். போன வருடம் வலி நின்றதும் சிகிச்சையும் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். நம்மூரில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று பாருங்கள், அப்புறம் வலது காலில். வித்தியாசம் உடனே தெரியும். அந்தத் தள்ளாட்டத்தைத்தான் குறைக்க வேண்டும். இப்போதைக்கு நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதுங்கள். வலியில்லாமல் நடக்க வந்ததும் ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கப் பழகுங்கள். அது சுலபமானால் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மடித்த போர்வை மேல் நின்று செய்யுங்கள். விழாமல் இருக்க சுவர் பக்கத்திலேயே நில்லுங்கள். குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியையும் சேருங்கள். தினமும் பல் தேய்க்கும் நேரம் போதும், ஆனால் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். அதுவரை வெளியே போகும்போது கணுக்கால் சப்போர்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக அடிபடுகிறவர்கள் எப்போது எக்ஸ்ரே எடுப்பது? 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதி இன்றும் உதவுகிறது. கணுக்கால் எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது வலித்தாலும், நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதி வலித்தாலும் அப்படியே. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வலியை நம்பி இருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உங்களுக்கு ஆறு வாரம் கழித்தும் கால் நழுவுவது போல் இருந்தாலோ, மூட்டுக்குள் ஆழமாக வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். குருத்தெலும்புக் காயம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.