பந்தயமும் சந்தாவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை வைத்திருக்கும் லிபர்ட்டி மீடியா இப்போது மோட்டோ ஜி.பி. பைக் பந்தயத்தையும் வாங்கிவிட்டது. காரும் பைக்கும் ஒரே ஊடக முதலாளி கையில். பிரிட்டனில் வசிக்கும் எங்களுக்குக் கட்டணச் சேனலான ஸ்கையின் சந்தா கட்டுப்படியாகவில்லை. சானல் 4 போடும் ஹைலைட்ஸ்தான் கதி. என் பத்து வயது மகள் ஒரு பந்தயத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. முன்பு ஃபார்முலா ஒன்னை நடத்திவந்த எக்லஸ்டோன் இருந்தவரை பந்தயம் மக்களுக்கானதாக இருந்தது. அமெரிக்க ஊடக நிறுவனம் வந்த பிறகுதான் எல்லாம் காசாகிவிட்டது. வேறு நாட்டில் இருப்பதுபோல் இணையத்தில் காட்டும் வி.பி.என். போட்டுப் பார்ப்பது தவறா? இலவச நேரலை திரும்ப வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வி.பி.என். விஷயத்தில் விதிமீறல் என்று தெரிந்துதான் கேட்கிறீர்கள். அனுமதிச் சீட்டு கொடுப்பது என் வேலையில்லை.

கடிதத்தில் என்னை உசுப்பியது எக்லஸ்டோன் பற்றிய வரிதான். இந்தப் பொற்காலக் கதையை எத்தனை பேர்தான் சொல்வீர்கள்! தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2011 மே மாதம் ஊடக முதலாளி முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனும் இத்தாலிய அக்னெல்லி குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான எக்ஸாரும் ஃபார்முலா ஒன்னை வாங்குவது பற்றி யோசிப்பதாக அறிவித்தன. ஊடகம் பந்தயத்தை விழுங்கப்போகிறது, இலவச ஒளிபரப்பு செத்தது என்று ஒரே கூச்சல். விற்பனை நடக்கவேயில்லை. ஆனால் ஜூலை 29 அன்று வேறொரு அறிவிப்பு வந்தது. 2012 முதல் எல்லாப் பந்தயங்களும் ஸ்கையில் நேரலை, பி.பி.சி.யில் பாதி மட்டும். அன்றைக்கு ஸ்கையில் நியூஸ் கார்ப்பரேஷனுக்குச் சுமார் 39 சதவீதப் பங்கு இருந்தது. விளையாட்டையே விலைக்கு வாங்கித்தான் அடைய முடியும் என்று எல்லோரும் பயந்ததை, ஒரு ஒளிபரப்பு ஒப்பந்தம் மூன்றே மாதத்துக்குள் கொடுத்துவிட்டது.

அந்த ஒப்பந்தத்தைப் போட்டது யார்? உங்கள் எக்லஸ்டோன். அப்போதைய உரிமையாளர் சி.வி.சி. ஊடக நிறுவனமே அல்ல, வாங்கி விற்று லாபம் பார்க்கும் தனியார் முதலீட்டு நிறுவனம். பி.பி.சி. கையில் 2013 வரை உரிமை இருந்தது. பி.பி.சி.க்காக மக்கள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தை அரசு உயர்த்தாமல் நிறுத்திவைத்ததால் செலவைக் குறைக்க வேண்டிய நிலை. பந்தயம் அதில் அடிபட்டது.

2015 முடிவில் பி.பி.சி. முழுதாக விலகியது. சானல் 4 மூன்று ஆண்டுகள் பாதிப் பந்தயங்களை நேரலையாகக் காட்டியது. 2019 முதல் பிரிட்டனில் நடக்கும் பந்தயம் தவிர எல்லா நேரலையும் ஸ்கையின் தனியுரிமை. இந்தத் தனியுரிமை ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது 2016 மார்ச்சில். லிபர்ட்டி வாங்கப்போவதாகச் சொன்னது அதே ஆண்டு செப்டம்பரில், கைமாறியது 2017 ஜனவரியில். வீட்டைப் பூட்டி சாவியை ஸ்கையிடம் கொடுத்தவர் பழைய சொந்தக்காரர். நீங்கள் புதிதாகக் குடிவந்தவரைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

லிபர்ட்டி புனிதர் என்று சொல்லவில்லை. பிறகு அந்த ஒப்பந்தத்தை 2029 வரை நீட்டித்தது அவர்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2018இல் அவர்கள் எஃப்-1 டிவி என்று சொந்தச் செயலி தொடங்கினார்கள். பல நாடுகளில் அதில் நேரலை உண்டு. பிரிட்டனில் கிடையாது. ஸ்கையின் தனியுரிமை குறுக்கே நிற்கிறது. விளையாட்டின் முதலாளியே தன் சரக்கைத் தன் கடையில் விற்க முடியவில்லை! அதனால்தான் 'யார் வாங்கினார்' என்ற செய்தியைவிட ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்கிறேன். எந்த நாடு, எத்தனை ஆண்டு, தனியுரிமை உண்டா, வேறு சேனலுக்குத் துணை உரிமம் கொடுக்கலாமா, ஹைலைட்ஸை எத்தனை மணிக்குப் போடலாம். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் என்ன தெரியும் என்பதை முடிவு செய்வது இந்த ஐந்தும்தான். இன்று சானல் 4 காட்டுவதெல்லாம் ஸ்கை கொடுத்த துணை உரிமத்தில்.

உண்மையிலேயே ஓர் ஊடக நிறுவனம் பந்தயத்தைப் பிடித்த கதையும் உண்டு. ஜெர்மனியின் கிர்ஷ் குழுமம் 2001இல் பெரும்பங்கைக் கைப்பற்றியது. பந்தயம் கட்டணச் சேனலுக்குள் போய்விடும், காரின் மேல் ஒட்டிய பெயரைப் பார்க்க ஆளிருக்காது என்று பயந்து, ஃபியட், ஃபோர்டு, பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட கார் கம்பெனிகள் தனியாகப் போட்டி நடத்துவோம் என்று மிரட்டின. 2002 ஏப்ரலில் கிர்ஷ் திவால். பங்குகள் கடன் கொடுத்த வங்கிகளிடம் போயின.

மோட்டோ ஜி.பி. பற்றிய உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. 2006இல் சி.வி.சி. ஃபார்முலா ஒன்னை வாங்கியபோது, மோட்டோ ஜி.பி.யை நடத்தும் டோர்னாவை விற்றால்தான் அனுமதி என்றது ஐரோப்பிய ஆணையம். இரண்டும் ஒரே கையில் இருந்தால் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஒளிபரப்பு உரிமையின் விலை ஏறிவிடும் என்பது அன்றைய கணக்கு. 2025 ஜூனில் அதே ஆணையம் லிபர்ட்டிக்கு நிபந்தனையில்லாமல் அனுமதி கொடுத்தது. அன்று காப்பாற்ற இலவசச் சேனல்கள் இருந்தன. இன்று அந்த நாடுகளில் இரண்டு பந்தயங்களும் பெரும்பாலும் சந்தாவுக்குள் போய்விட்டன என்பதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

மகளைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது. ஹைலைட்ஸ் முந்துவதையும் மோதுவதையும் காட்டும், பந்தயத்தைக் காட்டாது. முன்னால் போகிறவரிடமிருந்து இரண்டு விநாடி பின்தங்கிய ஒருவர் முதலில் டயர் மாற்ற உள்ளே போகிறார். புது டயரின் முதல் சுற்றிலேயே இரண்டு விநாடிக்கு மேல் மிச்சம் பிடிக்கிறார். அடுத்த சுற்றில் மற்றவர் மாற்றிவிட்டு வெளியே வரும்போது இவர் முன்னால் நிற்கிறார். இடைவெளி சுற்றுக்குச் சுற்று 2.4, 2.1, 1.9 என்று சுருங்குவதைப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பதைப்பு புரியும். வெட்டி ஒட்டிய காட்சியில் பின்னால் இருந்தவர் திடீரென்று முன்னால் இருப்பார். குழந்தைக்குச் சலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் ஐயா, பிரிட்டனில் நடக்கும் சில்வர்ஸ்டோன் பந்தயத்தைச் சானல் 4 நேரலையாகவே, காசில்லாமல் காட்டுகிறதே. அன்றைக்கு நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?

இலவசம் என்றால் எல்லாம் சுகம் என்றும் இல்லை. 2005இல் இத்தாலியின் இமோலாவில் அலோன்சோவை ஷூமாக்கர் விரட்டிக்கொண்டிருந்த கடைசிச் சுற்றுகளில், அன்று பந்தயத்தைக் காட்டிய இலவசச் சேனல் ஐ.டி.வி. விளம்பரத்துக்குப் போனது. இடைவேளை இல்லாத விளையாட்டில் விளம்பரத்தை எங்கே செருகினாலும் அது கழுத்தறுப்புதான். சந்தாச் சேனலுக்கு அந்தத் தலைவலி இல்லை, மார்ச் முதல் டிசம்பர் வரை சந்தாதாரரைப் பிடித்துவைக்கப் பந்தயம் வாகானதும்கூட.

திரும்ப வருமா? தானாக வராது. பிரிட்டனில் இலவசச் சேனல்களுக்கு என்று காப்பாற்றிவைக்கும் 1996 ஒளிபரப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் ஒலிம்பிக்ஸ், விம்பிள்டன் இறுதி, கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் எல்லாம் உண்டு. ஃபார்முலா ஒன் இல்லை. ஆஸ்திரேலியாவின் பட்டியலில் அங்கே நடக்கும் ஃபார்முலா ஒன், மோட்டோ ஜி.பி. பந்தயங்கள் இருக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவதென்றால் சீசன் முழுவதையும் கேட்காதீர்கள், சிரிப்பார்கள். சில்வர்ஸ்டோனைப் பட்டியலில் சேர்க்கக் கேளுங்கள். அதோடு ஸ்கையின் அடுத்த ஒப்பந்தத்தில் நான்கைந்து பந்தயங்களுக்காவது இலவச நேரலைத் துணை உரிமம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஜெர்மனியில் 2021இல் ஸ்கை தனியுரிமை பெற்றபோதே இலவசச் சேனலான ஆர்.டி.எல். நான்கு பந்தயங்களை இலவசமாகக் காட்டியது. 2025 ஜூனில் அதே ஆர்.டி.எல். ஜெர்மனியின் ஸ்கையையே வாங்கப்போவதாக அறிவித்தது. அங்கே ஃபார்முலா ஒன் ஒப்பந்தம் 2027 வரை. அதன் பிறகு இலவசமாக எத்தனை பந்தயம் என்று பாருங்கள். லிபர்ட்டியைத் திட்டுவதை அதுவரை ஒத்திவைக்கலாம்.