கேட்ட கதையும் காட்டும் கதையும்

வணக்கம் சார்,

ஹாங்காங்கின் வாள்சண்டைக் கதை எழுத்தாளர் ஜின் யோங்கின் 'தி ஸ்மைலிங், ப்ரௌட் வாண்டரர்' நாவலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, 2013இல் வந்த சீனத் தொடரைப் பார்த்தேன். நாவலின் வில்லன்களில் ஒருவரான டோங்ஃபாங் புபாய் ஆண். தொடரில் அவரைப் பெண்ணாக்கி, நாயகன் லிங்ஹு சோங்கைக் காதலிக்கவும் வைத்துவிட்டார்கள். இவ்வளவு மாற்றுவதற்குப் புதிதாக ஒரு கதையே எழுதிக்கொள்ளலாமே?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

எனக்கும் அந்தத் தொடர் பிடிக்கவில்லை, ஆனால் காரணம் வேறு. நாவலில் டோங்ஃபாங் புபாய் நேரில் வருவது ஒரே அத்தியாயம். அதிகாரத்துக்காகத் தன்னையே காயடித்துக்கொண்டு சண்டை வித்தை கற்றவர், கடைசியில் அதிகாரத்தை மறந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறார். 1992இல் 'ஸ்வார்ட்ஸ்மேன் 2' படத்தில் நடிகை பிரிஜிட் லின் அந்த வேடத்தில் நடித்தபிறகு அந்தப் பாத்திரம் நாவலின் கையை விட்டுப் போய்விட்டது. தொடர் போனதும் அந்த வழியில்தான். சரி, அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாற்றம்.

தெரியாமல் தொலைவது வேறொன்று. நாவலுக்குள் லிங்ஹு சோங் எப்படி வருகிறான் என்று நினைத்துப் பாருங்கள். நேரில் வருவதற்கு முன்பே பேச்சில் வந்துவிடுகிறான். பெண்பித்தன் ஒருவனோடு உட்கார்ந்து குடித்தான், பக்கத்தில் இளம் பிக்குணி யிலினும் இருந்தாள் என்று ஊரே கொதிக்கிறது. பெரியவர்கள் கூடிய வீட்டில் யிலினே நடந்ததைச் சொல்கிறாள். பிக்குணியைப் பார்த்தாலே சூதில் தோற்றுவிடுவேன் என்று அவன் திட்டியதையும் வெள்ளந்தியாக ஒப்பிக்கிறாள். அவளைத் தப்பவைக்கத்தான் அந்தத் திட்டு என்பது நமக்கு மெல்லப் புரிகிறது. அவளுடைய கோபக்காரக் குரு டிங்யி நடுநடுவே வெடிக்கிறார். கூட்டத்தின் வெறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பாக மாறுவதை நாமும் உட்கார்ந்து கேட்கிறோம்.

இதைக் காமிரா நேரடியாகக் காட்டினால் மிஞ்சுவது இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்தபடி போடும் வாள்சண்டை. சண்டை நன்றாகவே இருக்கலாம். யிலினின் குரல் போய்விடும்.

லிங்ஹு சோங்கின் குரு, கண்ணியவான் வேடம் போடும் யுவே புச்சுன் விஷயமும் இதுதான். சீடனின் பக்தி வழியாகவே அந்தக் குருவைப் பார்ப்பதால் நாமும் வெகுதூரம் ஏமாறுகிறோம். திரையிலோ நடிகர் தாடியைத் தடவும்போதே பின்னணி இசை காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1967 முதல் 1969 வரை, சீனாவில் கலாசாரப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, ஹாங்காங்கின் 'மிங் பாவ்' நாளிதழில் தினமும் கொஞ்சமாக வந்த கதை இது. சைகோனில் 21 பத்திரிகைகள் அதே சமயத்தில் வெளியிட்டன, தென் வியட்நாம் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'யுவே புச்சுன்' என்று திட்டிக்கொண்டார்கள் என்று ஜின் யோங்கே பின்னுரையில் எழுதியிருக்கிறார். (நம் சட்டசபையிலும் அந்தப் பெயருக்கு வேலை இருக்கும்!)

புதிதாகவே எழுதலாமே என்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். டோங்ஃபாங் புபாய் என்ற பெயர் இல்லாமல் அதற்கு யார் பணம் போடுவார்கள்?