சாதாரண மக்கள் போராடி அணுகுண்டுச் சோதனையை நிறுத்த முடியுமா?

திறந்தவெளிச் சோதனையை நிறுத்தவைத்ததில் மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு அவர்கள் எடுத்த ஆயுதம், குழந்தைகளின் விழுந்த பால்பற்கள்!

1950களில் அமெரிக்கா நெவாடா பாலைவனத்தில் திறந்தவெளியில் குண்டுகளை வெடித்தது. ஆபத்தில்லை என்றே அதிகாரிகள் சாதித்தார்கள். ஆனால் வெடிப்பில் உண்டாகும் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் காற்றில் பரவி, மழையோடு புல்லில் இறங்கி, பசும்பால் வழியே குழந்தையின் உடலுக்குள் போய்விடும். உடல் அதைக் கால்சியம் என்று நம்பி எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்ளும். எவ்வளவு கொடுமை பாருங்கள்!

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் சேர்ந்த குழு 1958 இறுதியில் பால்பற்களைத் திரட்டத் தொடங்கியது. பல் கொடுத்த குழந்தைக்கு, 'என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்' என்று எழுதிய பேட்ஜ் கிடைக்கும். 1970க்குள் சுமார் 3 லட்சம் பற்கள் சேர்ந்தன. சோதனைகள் பெருகப் பெருக, பிறகு பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்சியமும் ஏறியிருந்தது.

1961 நவம்பர் 1 அன்று பல நகரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சோதனையை நிறுத்தக் கோரித் தெருவில் இறங்கினார்கள். 1963இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் மூன்றும் வளிமண்டலம், விண்வெளி, கடலடிச் சோதனைகளைக் கைவிட ஒப்பந்தம் செய்தன. நிலத்தடிச் சோதனைக்கு மட்டும் அதில் தடை இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.