சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில்நுட்பத்தால் நிறுவனத்துக்கு லாபம் உண்டா, இல்லை நல்ல பெயருக்கான செலவுதானா?

லாபம் உண்டு. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் உடனே கூரையைக் காட்டி சோலார் பலகை என்கிறார்கள். தொழிற்சாலைகளில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே போகிறது என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. நான் பார்த்தவரை, முதலில் கைக்கு வரும் பணம் பெரும்பாலும் கூரையில் இல்லை. குழாயிலும் மோட்டாரிலும் பாய்லரிலும் இருக்கிறது.

காரணம் எளிது. புகைபோக்கி வழியாகவோ கழிவுநீர்க் குழாய் வழியாகவோ வெளியே போகும் எதுவும் நிறுவனம் காசு கொடுத்து வாங்கியதுதான். சூடான நீர் வெளியேறினால் அதோடு எரிபொருளும் போகிறது. சாயமோ கரைப்பானோ வெளியேறினால் கச்சாப் பொருள் போகிறது. அப்புறம் அதைச் சுத்திகரிக்க இன்னொரு செலவு. ஆக, விற்காத ஒரு பொருளுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறோம். அமெரிக்காவின் த்ரீஎம் (3M) நிறுவனம் 1975-லேயே இதைப் புரிந்துகொண்டு, மாசைத் தடுத்தால் லாபம் என்ற கருத்தில் ஒரு திட்டத்தையே தொடங்கியது. மாசு வெளிவந்த பிறகு வடிகட்டுவதை விட, அது உருவாகாதபடி பொருளின் கலவையை, செய்முறையை, இயந்திரத்தை மாற்றுவதுதான் அதன் அடிப்படை.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். விடுமுறை நாளில், எல்லா இயந்திரமும் நின்ற பிறகு, தொழிற்சாலைக்குள் போய் நின்று பாருங்கள். ஏதோ ஒரு மூலையில் ‘உஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கும். காற்றுக் குழாயின் இணைப்பில், பழைய ரப்பர் ஹோஸில், பாதி மூடிய வால்வில் காற்று கசிகிறது. யாருமே காற்றைப் பயன்படுத்தாத அந்த நேரத்திலும், காற்றை அழுத்திக் குழாய்க்கு அனுப்பும் கம்ப்ரசர் சில நிமிடத்துக்கு ஒருமுறை லோடு எடுத்து, அழுத்தத்தை ஏற்றி, மறுபடி ஓய்கிறது. அந்த இரண்டு நேரத்தையும் கடிகாரத்தில் குறித்தாலே போதும். ஒன்றரை நிமிடம் லோடு, மூன்றரை நிமிடம் ஓய்வு என்றால், அந்தக் கம்ப்ரசரின் திறனில் 30% கசிவுக்கே போகிறது. சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் 20 முதல் 30% கசிவு சர்வசாதாரணம். அழுத்தக் காற்றே விலை உயர்ந்த சரக்கு. கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. கசிவை அடைத்து, தேவைக்கு மேல் வைத்திருக்கும் அழுத்தத்தையும் குறைத்தால் (வழக்கமான 7 பார் அளவில் 1 பார் குறைத்தால் ஏறத்தாழ 7% மின்சாரம் மிச்சம்) பெரிய முதலீடே இல்லாமல் மின்கட்டணம் இறங்கும். அந்த வீணாகும் வெப்பத்தைப் பிடித்துத் தண்ணீர் சூடாக்கப் பயன்படுத்தினால் பாய்லர் எரிபொருளும் குறையும்.

பசுமைத் தொழில்நுட்பம் என்று சொன்னதும் யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை. படம் எடுத்துப் போட முடியாத வேலை என்பதாலோ என்னவோ.

மின்விசிறி, பம்ப் இரண்டிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். பல இடங்களில் மோட்டார் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டம் அதிகமாக இருக்கிறது என்று வால்வைப் பாதி மூடி வைத்திருப்பார்கள். வேகத்தையே குறைக்கும் கருவியைப் பொருத்தினால் நடப்பது வேறு. உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் அமைப்பில் மின்சாரத் தேவை வேகத்தின் கனத்தை (வேகம் × வேகம் × வேகம்) பின்பற்றுகிறது. வேகம் 80% ஆனால் மின்சாரம் ஏறத்தாழ 51% போதும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் கிட்டத்தட்ட பாதி மின்சாரம் மிச்சம். உயரமான தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் இந்த அளவு கிடைக்காது. எப்போதும் முழு வேகம் தேவைப்படும் மோட்டாரில் இந்தக் கருவி வெறும் நஷ்டம், ஏனென்றால் அதுவே சில சதவீதம் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். எங்கே பொருந்தும் என்று அளக்காமல் வாங்கிவிட்டு, பசுமைத் தொழில்நுட்பமே ஏமாற்று என்று சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனத்துடையது. 1990-களில் அவர்கள் ஷாங்காயில் ஒரு ஆலை கட்டினார்கள். அதில் ஒரு பம்ப் அமைப்புக்கு முதலில் போட்ட வடிவமைப்பின்படி 95 குதிரைத்திறன் தேவைப்பட்டது. யான் ஸ்கில்ஹாம் என்ற பொறியாளர் அதைத் திருப்பிப் போட்டார். மெல்லிய குழாய், பெரிய பம்ப் என்றிருந்ததை பருத்த குழாய், சிறிய பம்ப் என்று மாற்றினார். இயந்திரங்களை வைத்துவிட்டு அவற்றுக்கு நடுவே குழாயை வளைத்து வளைத்து இழுக்காமல், குழாயை முதலில் நேராகப் போட்டு, அப்புறம் இயந்திரங்களை வைத்தார். குழாயின் விட்டம் கூடக்கூட உராய்வு அதன் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் விஷயம். முடிவில் 7 குதிரைத்திறன் போதுமானதாக இருந்தது. பம்பும் மோட்டாரும் சிறியதானதால் மொத்தமாகப் பார்த்தால் கட்டுமானச் செலவும் குறைந்தது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2009-இல் அறிவிக்கப்பட்ட புதுப்பிப்பு வேலையிலும் இதே வரிசைதான்: முதலில் தேவையைக் குறைப்பது, அப்புறம்தான் இயந்திரம். சுமார் 6,500 ஜன்னல்களின் பழைய கண்ணாடிகளைக் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே வைத்து, நடுவில் வெப்பம் தடுக்கும் மெல்லிய படலம் சேர்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். விளக்குகளையும் சரிசெய்தார்கள். குளிரூட்டும் தேவையே குறைந்துவிட்டதால், சில்லர்களை (கட்டடத்தைக் குளிரூட்டும் பெரிய இயந்திரங்களை) மாற்றிப் பெரிதாக வாங்க வேண்டிய செலவு தவிர்ந்தது; இருந்தவற்றைப் புதுப்பித்தாலே போதும் என்றாகிவிட்டது. மொத்தத்தில் 38% ஆற்றல் குறையும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜன்னலுக்கு ஆகும் செலவைத் தனியாகப் பார்த்திருந்தால் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். வாங்காமல் தப்பித்த சில்லரின் விலையையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் கணக்கு நேரானது.

அதனால்தான் சோலாரைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். கடந்த பதினைந்து ஆண்டுகளில் சோலார் பலகையின் விலை ஏறத்தாழ 90% இறங்கியிருக்கிறது, அது அருமையான முதலீடு, சந்தேகமே இல்லை. ஆனால் தேவையைக் குறைக்காமல் சோலார் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. குறைத்த பிறகு போட்டால் அதே பலகை தேவையில் இன்னும் பெரிய பங்கைத் தாங்கும்.

மின்கட்டணம் தாண்டியும் லாபம் இருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபோது, மின்னணு நிறுவனங்கள் சர்க்யூட் பலகைகளைக் கழுவப் பயன்படுத்திய, ஓசோனைக் கெடுக்கும் சி.எஃப்.சி. கரைப்பானைக் கைவிட வேண்டியதாயிற்று. தொழிலே படுத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. பல நிறுவனங்கள் கழுவவே தேவைப்படாத பற்றவைப்புப் பொருளுக்கு மாறின. ஒரு வேலைக் கட்டமே காணாமல் போனது. கரைப்பான் வாங்கும் செலவும் போனது. டென்மார்க்கின் கலுண்ட்போர்க்கில் ஒரு நிறுவனத்தின் கழிவு அடுத்த நிறுவனத்தின் கச்சாப் பொருள். அங்கே மின்நிலையம் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும்போது கிடைத்த ஜிப்சம், சுவர்ப்பலகை செய்யும் ஆலைக்கு விற்கப்பட்டது.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இன்னொரு காரணம் வந்துவிட்டது. சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம் போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவந்தால், அவற்றைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். 2023 அக்டோபரில் அறிக்கை கொடுத்தால் போதும் என்று தொடங்கியது. 2026 ஜனவரியிலிருந்து பணம் கட்டும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. தன் ஆலையில் அளந்த எண் இல்லாதவர் அவர்கள் வைத்திருக்கும் பொதுவான மதிப்பை ஏற்க வேண்டியிருக்கும், அது பெரும்பாலும் பாதகமாகத்தான் இருக்கும்.

நல்ல பெயர் என்பதும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் அளந்த எண் இருக்க வேண்டும். சுத்தமான டீசல் என்று விற்ற வோக்ஸ்வேகன் நிறுவனம், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்திருந்தது 2015-இல் அம்பலமானது. அபராதம், வழக்கு, வண்டிகளைத் திரும்ப வாங்கியது எல்லாமாக 30 பில்லியன் யூரோவுக்கு மேல் போனது.

இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் எல்லோரும் செய்வதில்லை? என் அனுபவத்தில் தடை தொழில்நுட்பத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மோட்டாரை வாங்குவது கொள்முதல் துறை. குறைந்த விலைக்கு வாங்கினால் அவர்களுக்குப் பாராட்டு. மின்கட்டணம் கட்டுவது இன்னொரு துறை. நாள் முழுக்க ஓடும் ஒரு மோட்டார், தன் விலைக்குச் சமமான மின்சாரத்தை முதல் வருடம் முடிவதற்குள் தின்றுவிடும். அதன் ஆயுள் முழுவதற்கும் பார்த்தால் வாங்கிய விலை ஒரு சிறு துளி. வாடகைக் கட்டடத்திலும் இதே சிக்கல்: ஜன்னலுக்குச் செலவு செய்ய வேண்டியவர் உரிமையாளர், கட்டணம் குறைவது குடியிருப்பவருக்கு. போட்ட பணம் இரண்டு வருடத்தில் திரும்ப வராவிட்டால் வேண்டாம் என்று சில நிர்வாகங்கள் சொல்லும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். இரண்டு வருடம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50% வருமானம். வேறு எந்த முதலீட்டிடமும் அவர்கள் இவ்வளவு கேட்பதில்லை.

நீங்கள் ஒரு நிறுவனத்தில் இதைத் தொடங்கப்போகிறீர்கள் என்றால், எந்தக் கருவியையும் விலை விசாரிப்பதற்கு முன் பெரிய மோட்டார்களுக்கும் பாய்லருக்கும் கம்ப்ரசருக்கும் தனித்தனி மீட்டர் வையுங்கள். ஒரு மாத அளவு கையில் வரட்டும். அந்த எண்களோடு கொள்முதல், பராமரிப்பு, நிதி மூன்று துறையினரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசுங்கள். இனி வாங்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் விலைப்பட்டியலோடு பத்து வருட மின்செலவையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.