டிபன் டப்பாவுக்குள் ஒளியும் மாத்திரை

கேள்வி: எனக்கு 43 வயது. கோபி பக்கம் கிராமம். கோவையில் மூன்று முறை கரு வைத்தும் நிற்கவில்லை. ஒன்று ஏழாவது வாரத்தில் கலைந்தது. இன்னும் இரண்டு கரு உறைநிலையில் இருக்கிறது. ரத்தத்தில் என்.கே. செல் என்ற எதிர்ப்புச் சக்தி அணு அதிகமாம். அது கருவைத் தாக்குமாம். இன்ட்ராலிப்பிட் டிரிப், பிரெட்னிசலோன் மாத்திரை, கணவரின் வெள்ளையணுவை எடுத்து எனக்குப் போடும் ஊசி எல்லாம் சொல்கிறார்கள். மஞ்சள் விற்ற பணம் கையில் இருக்கிறது. செய்யலாமா? (டாக்டரிடம் மாமியார்தான் கூட வருவார். எனக்கு லேசாகச் சர்க்கரை உண்டு. அத்தைக்குத் தெரியாமல் மாத்திரையை டிபன் டப்பாவில் வைத்துச் சாப்பிடுகிறேன்.)

பதில்: அம்மிணி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் எழுதினீர்களே, பேச வேண்டியதே அதைத்தான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது டாக்டரிடமும் சர்க்கரையைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றும். காலையில் போட்டால் மதியச் சோற்றுக்குப் பிறகுதான் ஏறும். வெறும் வயிற்றில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நீங்கள் ஏமாந்துபோவீர்கள். கட்டுக்குள் நிற்காத சர்க்கரை தானே கருவைக் கலைக்கும். குழந்தையின் இதயத்திலும் முதுகுத்தண்டிலும் குறை உண்டாக்கும். இதை மறைத்துவிட்டு எதிர்ப்புச் சக்திக்கு மருந்து தேடுவது பெரிய தப்பு.

என்.கே. செல்லுக்குப் பெயர்தான் கொலையாளி அணு. கர்ப்பப்பையில் இருப்பவை வேறு ரகம். நஞ்சுக்கொடிக்கு ரத்தக்குழாய் அமைய உதவுபவை. கையில் எடுத்த ரத்தத்தை எண்ணிக் கர்ப்பப்பைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்ட்ராலிப்பிட் என்பது சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த பால் நிறத் திரவம், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பில் ஏற்றுவது. அதனால் குழந்தை பிறப்பது கூடுகிறது என்று நிரூபணமில்லை. இந்த வகைச் சிகிச்சைகள் பலன் தருவதற்கு நம்பகமான ஆதாரமில்லை என்கிறது பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஆணையம். வெள்ளையணு ஊசியை ஆராய்ச்சிக்கு வெளியே போடக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002-லேயே சொல்லிவிட்டது. மஞ்சள் பணத்தை இதில் கொட்டாதீர்கள். 43 வயதில் கரு நிற்காததற்குப் பெரும்பாலும் முட்டையில் குரோமோசோம் கணக்குத் தப்புவதே காரணம். எந்த டிரிப்பும் அதைத் திருத்தாது.

எதிர்ப்புச் சக்தியில் நிஜமாகவே பார்க்க வேண்டியது ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு, ரத்தத்தை உறையவைத்துக் கருவையும் கலைப்பது. லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என மூன்று ரத்தப் பரிசோதனை. கோளாறு தெரிந்தால் 12 வாரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பரின் ஊசியும் உண்டு. எப்படியானாலும் மூன்று மாதம் பொறுத்து எச்.பி.ஏ.1.சி.யை (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.5-க்குக் கீழே கொண்டுவாருங்கள். உறைந்த கருவுக்கு வயது ஏறாது, அவசரமில்லை. ஃபோலிக் ஆசிட் வைட்டமின் 5 மி.கி. வேண்டுமா என்றும் கேளுங்கள்.

உங்கள் கணவர் எங்கே? கடிதம் முழுக்க அவருடைய வெள்ளையணுதான் வருகிறது, அவரைக் காணோம். பெண்டாட்டியின் வியாதியைத் தாயிடம் சொல்ல வேண்டியது பெற்ற மகன். அதை உங்கள் தலையில் கட்டிவிட்டு அவர் ஒதுங்கி நிற்பது சரியில்லை. ஒளித்து மாத்திரை விழுங்கிக்கொண்டு, அத்தை போடும் சோற்றையும் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் சாப்பிட்டால் சர்க்கரை எப்படி இறங்கும்? அடுத்த முறை கோவைக்கு அவர் கூட வரட்டும். டப்பாவில் இருக்கும் மாத்திரையை அட்டையோடு டாக்டர் மேஜையில் வையுங்கள். மெட்ஃபார்மின் என்றால் தொடரச் சொல்லலாம்; வேறு சில மாத்திரைகளைக் கரு வைக்கும் முன்பே நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றுவார்கள்.