அடைத்த சிக்கன்: சீஸ் ஏன் வெளியே ஓடுகிறது? கேள்வி பதில்

கோழி நெஞ்சுக்கறியைப் பிளந்து, சுருள வதக்கிய வெங்காயத்தையும் சீஸையும் உள்ளே வைத்துச் சமைப்பது பற்றித்தான் இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பலவிதம் என்றாலும் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் ஒன்றே: தண்ணீர். வெங்காயத்தில் வற்றாமல் நின்ற தண்ணீர், சீஸ் விடுகிற தண்ணீர், கறியின் மேல் துடைக்காமல் விட்ட ஈரம். கறிக்குள் இருக்க வேண்டிய ஈரமோ அதிகச் சூட்டில் வெளியேறிவிடுகிறது. பதில்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து நிமிடத்தில் வெங்காயம் கேரமலைஸ் ஆகிவிடும் என்று படித்தேன். எனக்கு அரை மணி நேரமாகியும் வெளிறியே இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: உங்களிடம் தப்பே இல்லை, அந்தப் பத்து நிமிடக் கணக்குதான் தப்பு. வெங்காயத்தின் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். அது வற்றும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நல்ல நிறம் ஏற அதற்கு மேல் சூடு வேண்டும். அதனால் இரண்டு பெரிய வெங்காயத்துக்கு, அதாவது சுமார் 400 கிராமுக்கு, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

வேரிலிருந்து நுனி நோக்கி 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். குறுக்காக நறுக்கினால் சீக்கிரம் கரைந்துபோகும். அகலமான, அடிகனமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் கொஞ்சம் வெண்ணெயும் விட்டு, வெங்காயத்தோடு ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, முதல் பத்து நிமிடம் மூடி வையுங்கள். உப்பும் ஆவியும் சேர்ந்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அப்புறம் மூடியை எடுத்துவிட்டு, மிதமான தீயைவிடச் சற்றுக் குறைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கிளறிக்கொண்டே இருங்கள். அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். ஒட்டியதுதான் நிறமும் ருசியும், அதை விட்டுவிடாதீர்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் வெங்காயம் ஆழ்ந்த பழுப்பாகச் சுருண்டு, போட்ட அளவில் கால் பங்குக்கு வந்து நிற்கும்.

அவசரத்தில் தீயை ஏற்றினால் ஓரம் கருகும், நடு வேகாது, கசப்பும் தட்டும். சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை, வெங்காயத்தின் சொந்த இனிப்பே போதும். நேரமே இல்லை என்றால் அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடலாம். காரத்தன்மை (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடுவதால் நிறம் வேகமாக ஏறும். ஆனால் வெங்காயம் குழைந்துவிடும், அளவு மீறினால் சோப்பு வாடை வரும். பூரணமாக உள்ளே வைப்பதற்குக் குழைவு பாதகமில்லை என்றாலும் நான் பொறுமையான வழியைத்தான் சொல்வேன்.

இறக்கும் முன் ஒரு சோதனை. கரண்டியால் வெங்காயத்தை வாணலியின் ஓரத்துக்கு ஒதுக்கி அழுத்திப் பாருங்கள். நீர் கசிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். கசியாவிட்டால் தயார்.

கேள்வி: சீஸ் முழுவதும் தட்டில் ஓடிவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் குழி. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அளவைப் பாருங்கள். 200 முதல் 225 கிராம் எடையுள்ள ஒரு துண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெங்காயமும் 30 முதல் 40 கிராம் சீஸும் போதும். இதற்கு மேல் திணித்தால் வாய் மூடாது. சீஸ் உருகியதும் இடுக்கு கிடைத்த பக்கம் வெளியேறத்தான் செய்யும்.

இரண்டாவது, அடுக்கும் முறை. சீஸை உட்புறம் தள்ளி வையுங்கள், வாய்ப்பக்கம் வெங்காயம் இருக்கட்டும். நன்றாக வற்றிய வெங்காயம் அங்கே அடைப்பாக நிற்கும். பலரும் சீஸை மேலாகத் தூவி மூடுகிறார்கள், அதுதான் முதலில் ஓடுகிறது. அல்லது துருவிய சீஸையும் ஆறிய வெங்காயத்தையும் கலந்து, தட்டையாகத் தட்டி, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுகியதும் உள்ளே செருகலாம். ஒரு தேக்கரண்டி பிரெட் தூள் சேர்த்தால் கசியும் கொழுப்பை அது பிடித்துக்கொள்ளும்.

வாயைப் பல்குத்தும் குச்சிகளால் தைப்பது போலச் சாய்வாகக் குத்தி மூடுங்கள். எத்தனை குத்தினீர்கள் என்று எண்ணி வைத்துக்கொண்டு, பரிமாறும் முன் அத்தனையும் எடுத்துவிடுங்கள். சூடான வாணலியில் அந்த வாய்ப்பக்கத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பிடித்தால் கறி வெந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு செய்தும் கொஞ்சம் கசியும். அது பொரிந்து மொறுமொறுவென்று ஒட்டியிருந்தால் சுரண்டிச் சாப்பிடுங்கள், அருமையாக இருக்கும்.

கேள்வி: பை போல வெட்டும்போது கத்தி மறுபக்கம் வந்துவிடுகிறது.

பதில்: கறி கொழகொழவென்று இருப்பதால் வரும் சிக்கல் இது. ஃப்ரீசரில் கால் மணி நேரம் வையுங்கள், உறையக் கூடாது, விறைத்தால் போதும். அடியில் தனியாகத் தொங்கும் சிறிய நீளத் துண்டைப் பிரித்து எடுத்துவிடுங்கள். கறியைப் பலகையில் படுக்க வைத்து, மேலே உள்ளங்கையால் லேசாக அழுத்திக்கொண்டு, கனமான பக்கத்தின் நடுவில் ஒல்லியான சிறு கத்தியைச் செருகுங்கள். வாய் 5, 6 சென்டிமீட்டர் இருந்தால் போதும். உள்ளே கத்தி நுனியை இடமும் வலமும் நகர்த்தி அகலப்படுத்துங்கள். மற்ற மூன்று பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் கறி இருக்க வேண்டும்.

கிழிந்துவிட்டதா? எடுத்து வைத்த அந்தச் சிறிய துண்டைத் தட்டித் தட்டையாக்கி, ஓட்டையின் மேல் உட்புறமாக ஒட்டி வையுங்கள். வேகும்போது பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மேலே வறண்டு நார்நாராகிறது, ஆனால் உள்ளே வெங்காயம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. சூடு எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: இந்தச் சமையலின் கடினமான இடமே இதுதான். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. 65 டிகிரியைத் தாண்டியதும் தசை இழைகள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து தள்ளத் தொடங்கும். மறுபக்கம், கோழி பாதுகாப்பாக வெந்ததற்கு 74 டிகிரி செல்சியஸ் வேண்டும். பூரணம் பச்சைக் கறியின் சாற்றை உறிஞ்சுவதால் அதுவும் 74-ஐத் தொட்டாக வேண்டும். சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் பூரணத்தின் நடுதான். அது 74 ஆவதற்குள் வெளிக்கறி 80-ஐத் தாண்டிவிடும். இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் நம் வேலை.

பூரணத்தை உருண்டையாக வைக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி வையுங்கள். சீஸ் ஓடுவது பற்றிய பதிலில் சொன்னபடி குளிர்வித்துச் செருகுவது சீஸ் ஓடாமல் இருக்க உதவும், ஆனால் வேகும் நேரத்தைக் கூட்டும். அதனால்தான் தட்டையாகத் தட்டச் சொன்னேன். கறியும் ஒரே கனமாக இருக்கட்டும். தடித்த முனையை உருளைக்கட்டையால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். 300 கிராமுக்கு மேற்பட்ட பெரிய துண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் உப்பு. கறியின் எடையில் ஒரு சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 கிராம், தடவிக் குறைந்தது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் இரவே தடவினால் இன்னும் நல்லது. உப்பு உள்ளே இறங்கிப் புரதத்தைத் தளர்த்துவதால் வேகும்போது சாறு குறைவாக வெளியேறும். சீஸிலும் உப்பு உண்டு, எனவே வெங்காயத்தில் கையைக் கட்டுப்படுத்துங்கள்.

ஓவனை முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். கறியின் மேலுள்ள ஈரத்தைத் துடைத்து, வாணலியில் இருபுறமும் இரண்டு மூன்று நிமிடம் சிவக்க விட்டு, ஓவனுக்கு மாற்றினால் 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். தெர்மாமீட்டரின் முனை பூரணத்தின் நடுவில் இருக்க வேண்டும். 71 அல்லது 72 காட்டும்போது வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள், வெளிச்சூடு உள்ளே இறங்கி ஏறிக்கொள்ளும். 74 வந்துவிட்டதா என்று மறுபடி பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வரவில்லை என்றால் மீண்டும் உள்ளே வையுங்கள்.

கேள்வி: தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியாது, அதனால் ஒன்று வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் நேர்மையான பதில். அதுவரை, மெல்லிய உலோகக் கம்பியைப் பூரணத்தின் நடுவில் பத்து விநாடி செருகி எடுங்கள். நுனியை மணிக்கட்டில் தொட்டால் தாங்க முடியாத சூடு இருக்க வேண்டும். ஒரு துண்டைக் கனமான இடத்தில் வெட்டியும் பாருங்கள். கண்ணாடி போன்ற பச்சைக் கறி எங்கும் தெரியக் கூடாது, பூரணத்திலிருந்து ஆவி வர வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நன்றாக வெந்த கறி சில சமயம் இளஞ்சிவப்பாகவே இருக்கும், வேகாத கறி வெளுத்தும் இருக்கும். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், சந்தேகம் வந்தால் கொஞ்சம் வறண்டாலும் பரவாயில்லை என்று கூடுதலாக வேகவிடுங்கள்.

கேள்வி: எந்த சீஸ் நல்லது?

பதில்: கட்டியாக வரும் ஈரம் குறைந்த மோட்சரெல்லாவும் செடாரும் கலந்தது என் தேர்வு. இரண்டு பங்கு மோட்சரெல்லா இழுபடும் பதத்தைத் தரும், ஒரு பங்கு செடார் ருசியைத் தரும். நெடுநாள் பதப்படுத்திய செடாரை மட்டும் வைத்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். கிடைத்தால் க்ரூயேர் போடுங்கள், வெங்காயத்தின் இனிப்புக்கு அதைவிடப் பொருத்தமான சீஸ் எனக்குத் தெரிந்து இல்லை. தண்ணீரில் மிதக்கும் மோட்சரெல்லா என்றால் பிய்த்து வடிகட்டி, துணியில் ஒற்றி எடுத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். சீஸ் ஓடுவதைக் கண்டு சலித்தவர்கள் கிரீம் சீஸுக்கு மாறலாம், அது வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். பனீர், ரிக்கோட்டா போல அமிலம் ஊற்றித் திரித்தவை உருகாது. ருசி கெடாது, ஆனால் இழுபடும் சீஸை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: கறியைக் கழுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். தெறிக்கும் தண்ணீரோடு கிருமி சிங்க் முழுவதும் பரவும், சூட்டில்தான் அது சாகும். காகிதத் துண்டால் ஒற்றித் துடையுங்கள். கழுவ வேண்டியவை கையும் கத்தியும் பலகையும்தான், அதுவும் சோப்புப் போட்டு.

கேள்வி: விருந்துக்கு முதல் நாளே அடைத்து வைக்கலாமா?

பதில்: அடைக்காமல் தனித்தனியாகத் தயார் செய்து வைப்பதே நல்லது. வதக்கிய வெங்காயம் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கறியை வெட்டி உப்புத் தடவித் தனிப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். மறுநாள் அடைக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எப்படிச் செய்தாலும் சூடான வெங்காயத்தைப் பச்சைக் கறிக்குள் வைத்து ஃப்ரிட்ஜில் தள்ளிவிடாதீர்கள். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். கறிக்குள் அடைபட்ட சூடு அந்த இடைப்பட்ட நிலையிலேயே வெகுநேரம் நின்றுவிடும்.

கேள்வி: சூடெல்லாம் அளந்துதான் சமைத்தேன். ஆனாலும் கறி ரப்பர் போல நறுக்நறுக்கென்று இருந்தது.

பதில்: அது சமையலில் வந்த குறையாக இருக்காது. வேகமாக, பெரிதாக வளரும் பிராய்லர் கோழிகளில் சிலவற்றுக்கு நெஞ்சுத் தசையே இறுகிப்போய்விடுகிறது. பச்சையாக இருக்கும்போதே அழுத்தினால் கட்டையாகத் தெரியும், மேலே வெள்ளைக் கோடுகளும் சில சமயம் ஓடும். எப்படிச் சமைத்தாலும் அது மிருதுவாகாது. சிறிய, அழுத்தினால் அமுங்கும் துண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. அடுப்பிலேயே முடியுமா?

பதில்: தாராளமாக. அடிகனமான வாணலியில் மிதமான தீயில் இருபுறமும் நான்கு நிமிடம் சிவக்க விடுங்கள். தீயைக் குறைத்து மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி, இறுக்கமாக மூடி, 10 முதல் 14 நிமிடம் வேகவிடுங்கள், நடுவில் ஒருமுறை திருப்புங்கள். கறியை எடுத்து வைத்துவிட்டு, வாணலியில் மிஞ்சிய சாற்றைக் கொதிக்க விட்டு ஒரு துண்டு வெண்ணெய் போட்டால் மேலே ஊற்றச் சாறும் தயார். ஏர் ஃப்ரையரில் என்றால் எண்ணெய் தடவி 180 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம்.

கேள்வி: பூரணம் ஒரேயடியாகத் தித்திக்கிறது.

பதில்: வெங்காயத்தை இறக்கும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு வற்ற விடுங்கள். மிளகு தாராளமாக. கொஞ்சம் கடுகு விழுதும் பொருந்தும்.

கேள்வி: நெஞ்சுக்கறிக்குப் பதில் தொடைக்கறியில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம், 80 டிகிரிக்கு மேல் போனாலும் வறளாது, இன்னும் மிருதுவாகும். எனவே பூரணம் வேகுமா, கறி வறளுமா என்ற போராட்டமே இல்லை. எலும்பு நீக்கிய தொடையில் பை வெட்ட இடம் இருக்காது. விரித்துத் தட்டி, நடுவில் பூரணம் வைத்துச் சுருட்டி, பருத்தி நூலால் இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். தோலோடு கிடைத்தால் தோல் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி, மடிப்பு அடியில் இருக்குமாறு வாணலியில் வையுங்கள். சீஸை நெஞ்சுக்கறிக்கு வைத்ததில் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், தொடையின் கொழுப்பே செழுமைக்குப் போதும்.