பழைய வேனுக்கு ரிமோட் லொக் பொருத்துவோர் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வயர் பற்றியவை. பதில்களில் முக்கியமானது லொக்கை நகர்த்தும் இரும்புக் கம்பியும் கிரீஸும் பற்றியது. ஏன் என்பது இரண்டாவது கேள்வியில் தெரியும்.

ஹட்டன்: எங்களுடையது டொல்பின் வேன் (பழைய டொயோட்டா ஹயேஸ்). முன் கதவு இரண்டு, ஸ்லைடிங் கதவு ஒன்று, பின் கதவு ஒன்று. கடையில் நாலு மோட்டர் செட் தருகிறார்கள். ஸ்லைடிங் கதவுக்கு வயர் எப்படிக் கொண்டுபோவது?

நாலு மோட்டர் போதும். வாங்குமுன் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஐந்து வயர் உள்ள மோட்டர் குறைந்தது ஒன்று இருக்க வேண்டும், மற்றவை இரண்டு வயர் மோட்டர்கள். ஐந்து வயர் மோட்டர் டிரைவர் கதவுக்கு. அதற்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருப்பதால், சாவியால் திறந்தாலும் மற்றக் கதவுகள் கூடவே திறக்கும். அதை ஸ்லைடிங் கதவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

முன் கதவுகளுக்குப் பிணைச்சல் பக்கத்தால் றப்பர் குழாய்க்குள் வயரை விடலாம். ஸ்லைடிங் கதவுக்குப் பிணைச்சலே கிடையாது. ஆகவே கதவின் விளிம்பில் ஸ்பிரிங் முனை இரண்டும், எதிரே தூணில் செப்புத் தகடு இரண்டும் உள்ள கன்டாக்ட் செட் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். கதவு முழுதாக மூடினால்தான் அவை தொடும். அதனால் கதவை இழுத்து மூடிவிட்டுத்தான் ரிமோட்டை அழுத்த வேண்டும், முந்தி அழுத்தினால் அந்தக் கதவு மட்டும் திறந்தே கிடக்கும். முனைகள் தகட்டின் நடுவில் விழுகின்றனவா என்று பார்க்க, தகட்டில் கொஞ்சம் சோக்கட்டித் தூள் பூசிக் கதவை மூடித் திறவுங்கள். முனை பட்ட இடம் தெரியும். நம் பக்கத்துப் பனிக்கு இந்தத் தகடுகள் சீக்கிரம் மங்கும். அரத்தாள் போட்டால் மேற்பூச்சு போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்தால் போதும்.

நுவரெலியா: மத்தியானம் நாலு கதவின் லொக்கும் டக்கென்று விழுகின்றன. விடியற்காலையில் பின் கதவு லொக்கும் இடது கதவு லொக்கும் பாதியில் நிற்கின்றன. மோட்டர் பழுதா?

மோட்டரை மாற்றாதீர்கள். இந்த செட்டுகளில் வரும் மோட்டர் சில கிலோ இழுவைதான் தரும். அதன் ஓட்டம் சுமார் 20 மில்லிமீட்டர். அது லொக்கை நகர்த்த உதவும் கை, அவ்வளவுதான். இருபது முப்பது வருடக் கிரீஸ் தூசியோடு சேர்ந்து மெழுகாகிக் கிடக்கும் லொக், குளிரில் இன்னும் இறுகும். அதை அந்தக் கை தள்ளாது.

சோதனை எளிது. காலைக் குளிரிலேயே செய்யுங்கள். கதவின் உள்பலகையைக் கழற்றி, மோட்டரின் கம்பியை விடுவித்து, லொக் கம்பியை ஒரு விரலால் தள்ளுங்கள். விரல் நுனி வலிக்காமல் முழுத் தூரமும் போக வேண்டும். வலித்தால், லொக் பொறியின் பழைய கிரீஸைக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அதிகம் பூசினால் அடுத்த குளிருக்கு அதுவே இறுகும்.

விரலுக்கு இலகுவாக இருந்தும் மோட்டர் திணறினால் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, கோணம். மோட்டரின் கம்பி லொக் கம்பிக்குச் சமாந்தரமாக ஓட வேண்டும். சாய்ந்தால் இழுவையில் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகும், கம்பியும் வளையும்.

இரண்டாவது, நடு இடம். லொக் கம்பி 12 அல்லது 15 மில்லிமீட்டர்தான் நகரும் என்றால், அந்தத் தூரம் மோட்டரின் 20 மில்லிமீட்டருக்கு நடுவில் விழ வேண்டும். ஒரு பக்கம் தள்ளிப் பொருத்தினால் லொக் முடிவதற்கு முன்னே மோட்டர் முடிந்துவிடும். லொக் கம்பியையும் மோட்டர் கம்பியையும் கவ்வும் கட்டையின் திருகாணியைத் தளர்த்தி, லொக்கைப் பாதித் தூரத்தில் வைத்து, மோட்டரையும் பாதியில் வைத்து இறுக்குங்கள்.

மூன்றாவது, வயர். செட்டோடு வரும் வயர் மெல்லியது. பின் கதவுவரை 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 4 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1.4 வோல்ட் வழியிலேயே கரையும். 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டுக்கும் குறைவு. குளிரில் பற்றரியும் சோர்ந்திருக்கும்போது அந்த ஒரு வோல்ட்தான் வித்தியாசம். சந்தேகம் தீர, பற்றரியிலிருந்து தடித்த வயர் இரண்டை மோட்டருக்கு நேரே ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பாய்ந்து நகர்ந்தால் குற்றம் வயரில்.

பண்டாரவளை: லொக் அழுத்தினால் பூட்டி உடனே திறந்துவிடுகிறது.

டிரைவர் கதவு மோட்டர் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ரிமோட் ‘பூட்டு’ என்கிறது, அந்த மோட்டர் திறக்கும் பக்கம் போகிறது, உள்ளேயுள்ள சுவிட்ச் ‘திற’ என்று செட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. பெரும்பாலான செட்டுகளில் நீலமும் பச்சையும் மோட்டர் வயர்கள்; அந்தக் கதவில் மட்டும் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ரிமோட் சரியாக வேலை செய்து, சாவி மட்டும் தலைகீழாக வேலை செய்தால், மாற்ற வேண்டியது வெள்ளையும் மண்ணிறமும். நிறத்தை நம்பாமல் செட்டோடு வந்த படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் துடிப்பு நேரத்தை, அதாவது ஒரு அழுத்தலுக்கு மோட்டருக்கு மின் போகும் நேரத்தை, 0.8 செக்கன், 3.5 செக்கன் என்று மாற்றலாம். நீண்டது காற்றழுத்த லொக்குக்கு உரியது. இந்த மோட்டர்களுக்கு அதைத் தேர்ந்தால் மோட்டர் சுட்டுக் கருகும்.

தலவாக்கலை: இரண்டு கிழமை வேன் ஓடவில்லை. பற்றரி இறங்கிவிட்டது. ரிமோட் லொக் காரணமா?

கணக்குப் போடுவோம். கட்டுப்பாட்டுப் பெட்டி சும்மா இருக்கும்போது 20 மில்லி அம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.48 அம்பியர் மணி. 14 நாளில் 6.7. நல்ல 45 அம்பியர் மணிப் பற்றரிக்கு இது பெரிய சுமை அல்ல, பழைய பற்றரிக்குச் சுமைதான். மல்ட்டிமீட்டரை 10 அம்பியர் நிலையில் வைத்து, நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் இடையில் தொடராக இணைத்து அளவிடுங்கள். அளக்கும்போது ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கதவுகளை மூடி ஐந்து நிமிடம் விட்ட பிறகும் 50 மில்லி அம்பியருக்கு மேல் போனால், பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திருடனைப் பிடியுங்கள். உள் விளக்கும் ரேடியோவும்தான் அடிக்கடி மாட்டுகின்றன.

மின் எடுக்கும் சிவப்பு வயர் பற்றரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாணுக்குள், 15 அம்பியர் பியூஸோடு தொடங்க வேண்டும். என்ஜின் முன்சீட்டுக்குக் கீழே உள்ள வேன்களில் அந்த வயரைப் புகைக் குழாய் பக்கம் விடாதீர்கள்.

பதுளை: வேனில் இரண்டு பற்றரி இருக்கிறது. 24 வோல்ட் செட்தானே வாங்க வேண்டும்?

இரண்டு இருந்தால் 24 என்று அர்த்தமில்லை. குளிர்ப் பிரதேசத்துக்கென்று வந்த ஜப்பான் டீசல் வேன்களில் இரண்டையும் சமாந்தரமாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்து 12 வோல்ட்டாகவே விட்டிருப்பார்கள். ஸ்டார்ட் பண்ணாமல் உள் விளக்கின் வயரில் அளந்து பாருங்கள்: 12.6 பக்கம் காட்டினால் 12 வோல்ட் செட்.

ஹப்புத்தளை: நானே பொருத்தினேன். ஒரு மாதத்தில் கதவின் உள்பலகை ஊறி உப்பிவிட்டது.

கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் வருவது இயல்பு. அது அடியிலுள்ள ஓட்டைகளால் வெளியேற வேண்டும். பலகைக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்து விட்டிருப்பீர்கள். தண்ணீரைப் பலகையில் படாமல் தடுத்தது அதுதான். தடித்த பொலித்தீனை அதே வடிவில் வெட்டி, பியூட்டைல் பசை நாடாவால் சுற்றிலும் ஒட்டுங்கள், கீழ் ஓரம் கதவின் உள்ளே செருகியிருக்க வேண்டும். அடி ஓட்டைகளில் அடைத்த மண்ணைக் கம்பியால் குத்தி எடுங்கள். மோட்டருக்காக நீங்கள் துளைத்த ஓட்டைகளின் ஓரத்தில் துருத்தடுப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வையுங்கள். றப்பர் குழாய்க்கு முன் வயர் கீழ்நோக்கித் தொங்கி வளைய வேண்டும், அப்போதுதான் வயர் வழியே வரும் நீர் அங்கேயே சொட்டும்.

பலகையை மறுபடி கழற்றும்போது கண்ணாடி சுற்றும் கைபிடியின் வளையக் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கைபிடிக்குப் பின்னால் துணிப்பட்டை ஒன்றைச் செருகி, இரு முனையையும் பிடித்து இடம் வலம் இழுத்தால் கிளிப் தானாகத் தெறிக்கும். தெறிக்கும் திசையை மறுகையால் மறையுங்கள்.

கொட்டகலை: பள்ளிக்கூட வேன். ஓட ஆரம்பித்தவுடன் தானாகப் பூட்டும் வசதியை இணைக்கலாமா?

வேண்டாம். பழைய ஸ்லைடிங் கதவுகள் பலவற்றில் பூட்டியிருந்தால் உட்கைபிடி வேலை செய்யாது. விபத்தில் பிள்ளைகள் அகப்படுவார்கள். பற்றரி கேபிளைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்து ஒவ்வொரு குமிழையும் கையால் தூக்கிப் பாருங்கள். சின்னப் பிள்ளையின் கைக்கு வராவிட்டால், நுவரெலியாக்காரருக்குச் சொன்ன கிரீஸ் வேலை முதலில்.

ராகலை: ரிமோட்டும் செத்து, வேன் பற்றரியும் செத்தால் எப்படித் திறப்பது?

சாவியால். அதற்காகத்தான் டிரைவர் கதவின் சாவித் துளையை விட்டுவைக்கிறோம். பாவிக்காமல் விட்டால் அதுவும் இறுகும். மாதத்துக்கு ஒரு தடவை சாவி போட்டுத் திறவுங்கள், துளைக்குள் கிராபைட் தூள் மட்டும் போடுங்கள்.